கம்மந்தான் கான்சாகிப்
காவல் காத்தவரே கலகக்காரரான வரலாறு

தங்கவயலில் வாழும் நமக்கு ஐதர் அலி அயலார் அல்லர். நம் பங்காருப்பேட்டையை அடுத்த பூதிக்கோட்டையில்தான் அவர் பிறந்தார். அவருடைய தந்தை பத்தே முகம்மதுவின் அடக்கத்தலம் இன்றும் கோலார் நகரில் இருக்கிறது. சாதாரணப் படைவீரனாகத் தொடங்கி மைசூர் நாட்டையே ஆண்ட அவருடைய கதையை நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகிறார்கள்.

ஆனால் அதே காலத்தில், அதேபோல அடிமட்டத்திலிருந்து உயர்ந்து, ஐதரையே போர்க்களத்தில் எதிர்த்து நின்ற ஒரு தமிழர் இருந்தார். பனையூரில் பிறந்து மதுரையை ஆண்டு, கடைசியில் தூக்குக் கயிற்றில் உயிர்விட்டவர் அவர். ஆங்கிலேயர் ஏடுகள் அவரை யூசுப்கான் என்கின்றன. மதுரை மக்கள் 'கம்மந்தான் கான்சாகிப்' என்றார்கள். கமாண்டன்ட் என்ற ஆங்கிலப் பதவிப் பெயர்தான் நம்மவர் வாயில் கம்மந்தான் ஆயிற்று. இளையவர்களுக்கு அவர் 'மருதநாயகம்'. 1997 அக்டோபரில் இங்கிலாந்து அரசி எலிசபெத் சென்னைக்கு வந்தபோது, கமலஹாசன் தொடங்கிய அந்தத் திரைப்படத்தின் தொடக்க விழாவில் கலந்துகொண்டது பலருக்கும் நினைவிருக்கும். படம் முடிவு பெறவில்லை. ஆனால் அந்தப் பெயர் மட்டும் மக்கள் மனத்தில் நின்றுவிட்டது. படத்தில் வராத வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

பனையூர் முதல் ஆர்க்காடு வரை

இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த பனையூரில் 1725ஆம் ஆண்டை ஒட்டி அவர் பிறந்தார். உழுது வாழும் வேளாளர் குடும்பம் என்றும், இயற்பெயர் மருதநாயகம் பிள்ளை என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். இளம் வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறியவர், இசுலாத்தைத் தழுவி முகம்மது யூசுப் ஆனார். நெல்லூரில் பணியாற்றியதால் 'நெல்லூர் சுபேதார்' என்ற பெயரும் அவருக்கு வழங்கியது.

அந்தக் காலத்தை வாசகர்கள் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். டில்லி அரசு தளர்ந்துவிட்டது. ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு இரு குடும்பங்கள் போட்டி. சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை, முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை. போர் என்றால் ஆள் வேண்டும். நிலத்தில் வருவாய் இல்லாத உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கியே ஏராக மாறிய காலம் அது. பத்துப் பேரைத் திரட்டி வருபவன் பத்துப் பேருக்குத் தலைவன், நூறு பேரைத் திரட்டி வருபவன் சுபேதார்.

யூசுப்கான் அப்படித் தம் ஆட்களோடு கிளைவின் படையில் சேர்ந்தவர். 1752இல் நடந்த காவேரிப்பாக்கம் போருக்குச் சற்று முன்பு அவர் வந்து சேர்ந்ததாக அக்கால வரலாற்றாசிரியர் ஓர்ம் எழுதியிருக்கிறார். நம் தங்கவயல் தமிழர்களில் கணிசமானோர் வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். நம் பாட்டன் பூட்டன் ஊர்களை ஒட்டிய வயல்வெளியில்தான் இந்த மனிதரின் ஏற்றம் தொடங்கியது என்பது நமக்குச் சுவையான செய்தி.

பொய்க் கடிதம்

அடுத்து வந்தது திருச்சிராப்பள்ளிப் போர். கோட்டைக்குள் ஆங்கிலேயரும் முகமது அலியும். வெளியே பிரெஞ்சுக்காரரும், மைசூரின் நஞ்சராஜன் தலைமையில் வந்த பெரும்படையும். அந்த மைசூர்ப் படையில் ஓர் இளம் தலைவராக இருந்தவர் நம் ஐதர். முற்றுகையில் இருக்கும் கோட்டைக்கு அரிசியும் மாடும் கொண்டு சேர்ப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை. வழியெல்லாம் பகைவர். இந்த வேலையை யூசுப்கான் திறமையாகச் செய்து, மேஜர் லாரன்சின் நம்பிக்கையைப் பெற்றார்.

நம்பிக்கை வந்தால் பொறாமையும் உடன் வரும். 1754இல் ஒரு கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. யூசுப்கான் மைசூராரோடு சேர்ந்து கோட்டையைக் காட்டிக்கொடுக்கத் திட்டமிட்டிருப்பதாக அது காட்டியது. அந்த நேரத்தில் இப்படி ஒரு பழி என்றால் தலை போகும். ஆனால் தீர விசாரித்தபோது கடிதமே பொய் என்று தெரிந்தது. லாரன்சின் மொழிபெயர்ப்பாளராக இருந்த பொன்னியப்பன் என்பவரே மைசூராரோடு தொடர்பு வைத்துக்கொண்டு, இடையூறாக இருந்த யூசுப்கானை ஒழிக்க இந்தச் சூழ்ச்சியைச் செய்திருந்தார். பொன்னியப்பனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

யூசுப்கான் தப்பினார். அது மட்டுமல்ல, கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராக, கம்மந்தானாக உயர்ந்தார். தங்கப் பதக்கமும் கிடைத்தது. கம்பெனியிடம் அவருக்கு நியாயம் கிடைத்த காலம் அது. கம்பெனி எப்போதும் தம்மை இப்படித்தான் நடத்தும் என்று அவர் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

காவல் என்னும் பொல்லாத வேலை

1755இல் கர்னல் ஹெரான் என்பவர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரி தண்டப் படையோடு சென்றார். யூசுப்கானும் உடன் சென்றார். அந்தப் பயணத்தில் மதுரைக்கு அருகே ஒரு கோயிலின் விக்கிரகங்களை ஹெரானின் படை எடுத்துச் சென்றது. கொதித்தெழுந்த கள்ளர் மக்கள் நத்தம் கணவாயில் படையை மறித்துத் தாக்கித் தம் தெய்வங்களை மீட்டார்கள். ஹெரான் பின்னர் இராணுவ விசாரணைக்கு உள்ளாகிப் பதவி இழந்தார். அந்நியர் படையால் மட்டும் இந்த நாட்டை ஆள முடியாது, நாட்டை அறிந்த ஒருவர் வேண்டும் என்பதைக் கம்பெனி அப்போது உணர்ந்தது. 1756இல் யூசுப்கான் மதுரைச் சீமைக்கு அனுப்பப்பட்டார்.

அக்காலத்து 'காவல்' முறையை இங்கே சொல்லியாக வேண்டும். இன்றுள்ளது போல அரசு சம்பளத்தில் போலீசு கிடையாது. ஊருக்கு ஊர் காவல்காரர் உண்டு. அவருக்கு ஊரார் நெல்லாகவோ பணமாகவோ கொடுப்பார்கள். ஊரில் களவு போனால் காவல்காரர் களவுப் பொருளை மீட்டுத்தர வேண்டும், இல்லையேல் ஈடு கொடுக்க வேண்டும். இது பாடிக்காவல். பல ஊர்களுக்கும் வழிகளுக்கும் சேர்த்துப் பாளையக்காரர் பொறுப்பேற்பது தேசகாவல். நல்ல ஆட்சி இருந்தவரை இந்த முறை ஒழுங்காக நடந்தது. நாயக்கர் ஆட்சி போனபின் தலைமை இல்லாமல் போயிற்று. கூலி வாங்கும் காவலே கொள்ளையாக மாறிய இடங்களும் உண்டு. காவல் பணம் தராத ஊர் இரவில் தூங்க முடியாது என்ற நிலை வந்தது.

யூசுப்கான் இதை இரும்புக் கையால் அடக்கினார். வழிப்பறிக்காரருக்கும் கொள்ளையருக்கும் இரக்கம் காட்டவில்லை. குற்றவாளிகளோடு குற்றமற்றவரும் மாண்டிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. கள்ளர் நாட்டு மக்கள் நினைவில் அவருடைய கடுமை நெடுங்காலம் நின்றது. மறுபக்கம், வணிகரும் வழிப்போக்கரும் அச்சமின்றிப் பயணம் செய்தார்கள். அவருக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே சீமையில் படை நடத்திய கர்னல் புல்லர்ட்டன், யூசுப்கானின் நீதியையும் நிர்வாகத்தையும் தம் அறிக்கையில் வியந்து பாராட்டியிருக்கிறார். பகைவராக மாண்ட ஒருவரை வெற்றி பெற்றவர்களே புகழ்வது எளிதில் நடப்பதல்ல.

ஐதரோடு மோதியதும் இந்தக் காலத்தில்தான். 1755 முதல் திண்டுக்கல்லில் பௌஜ்தாராக இருந்த ஐதர், 1757இல் சோழவந்தானைப் பிடித்து மதுரைக் கோட்டைச் சுவர் வரை சூறையாடினார். நத்தம் கணவாய்ப் பக்கத்தில் யூசுப்கான் அவரைத் தாக்கித் திருப்பி அனுப்பினார்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது யூசுப்கான் அழைக்கப்பட்டார். கோட்டைக்கு வெளியே, செங்கல்பட்டு, பரங்கிமலைப் பக்கங்களில் பிரெஞ்சுப் படையின் பின்புறத்தை ஓயாது தாக்கினார். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். சென்னை பிழைத்ததில் இந்தப் பனையூர்க்காரரின் பங்கு பெரிது.

குத்தகை ஆட்சி

1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்கு யூசுப்கானுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 1761இல் அது 7 லட்சமாக உயர்ந்தது. பெயரளவில் சீமை நவாபுடையது. அதிகாரம் கம்பெனியுடையது. உழைப்பு யூசுப்கானுடையது.

குத்தகைதாரர் என்றால் கறக்கும்வரை கறந்துவிட்டுப் போகிறவர் என்பதே அன்றைய வழக்கம். யூசுப்கான் வேறு வழியில் சென்றார். உழவர் வீட்டில் பிறந்தவருக்கு நீர் இல்லாமல் நெல் இல்லை, நெல் இல்லாமல் வரி இல்லை என்பது தெரிந்திருந்தது. உடைந்த ஏரிகளையும் கால்வாய்களையும் செப்பனிட்டார். வத்திராயிருப்புப் பக்கத்தில் இன்றும் கான்சாபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. மதுரை நகரில் கான்சாமேட்டுத் தெரு இருக்கிறது. நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் தொழிலை வளர்த்தார் என்றும் சொல்வர். மீனாட்சியம்மன் கோயில் பூசைகள் தடையின்றி நடக்கப் பணம் ஒதுக்கினார். மதம் மாறிய ஒருவர், தாம் விட்டு வந்த மதத்தின் கோயிலைக் காத்தார் என்பதை இன்றைக்கு நாம் மறக்கக் கூடாது.

ஆனால் வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர் நவாபுக்கும் கம்பெனிக்கும் வரி கட்ட மறுத்து, மேற்குப் பாளையக்காரர்களை ஒன்று திரட்டி நின்றார். அவரை எதிர்த்துப் போரிட்டவர் யூசுப்கான். 1759 இறுதியில் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பிய அவர், விடாமல் முயன்று 1761இல் பூலித்தேவரின் கோட்டைகளைப் பிடித்தார். பூலித்தேவரின் எதிர்ப்பு அத்தோடு முறிந்தது. கம்பெனிக்கு அது பெரிய வெற்றி. யூசுப்கானுக்கும் வெற்றி என்றுதான் அன்று தோன்றியது.

எசமானர் யார்?

யூசுப்கான் வளர வளர நவாப் முகமது அலிக்கு அச்சம் வளர்ந்தது. இவ்வளவு படையும் பணமும் மக்கள் மதிப்பும் உள்ளவர் குத்தகைதாரராகவே இருந்துவிடுவாரா? யூசுப்கான் தம் ஊழியரே, தம் கட்டளைக்குக் கீழ்ப்பட வேண்டும் என்று நவாப் வற்புறுத்தினார். கம்பெனியின் சென்னைக் கவுன்சிலும் நவாபின் பக்கம் சாய்ந்தது. நவாபுக்குக் கம்பெனியிடம் பெருங்கடன் இருந்தது. கடன்காரரின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வது கம்பெனிக்கு இலாபம்.

தம்மைக் கம்பெனியின் படைத்தலைவராகவே கருதி வந்த யூசுப்கான் இதை ஏற்கவில்லை. 1763இல் அவர் எதிர்த்து நின்றார். பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். மர்ஷான் என்ற பிரெஞ்சுக்காரர் தலைமையில் ஐரோப்பிய வீரர் சிலரும் அவரோடு சேர்ந்தார்கள்.

இங்கே காலம் அவரைக் கைவிட்டது. 1763 பிப்ரவரியில் பாரிசு நகரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் உடன்படிக்கை செய்துகொண்டு ஏழாண்டுப் போரை முடித்திருந்தார்கள். மதுரையில் பறந்த பிரெஞ்சுக் கொடிக்குப் பின்னால் பிரெஞ்சு நாடு இல்லை.

இதை இன்னொரு நாட்டோடு ஒப்பிட்டால் தெளிவாகும். அதே ஏழாண்டுப் போரின் மறுமுனையில், அமெரிக்காவில், வர்ஜினியா மாநிலப் படையின் அதிகாரி ஒருவர் ஆங்கில அரசனுக்காகப் பிரெஞ்சுக்காரரோடு போரிட்டார். 1754இல் அவர் பிரெஞ்சுக்காரரிடம் தோற்றுச் சரணடைந்ததும் உண்டு. பெரும் பண்ணைக்காரரான அவர் பின்னர் தம் வட்டாரத்தில் நீதிபதியாகவும் இருந்தார். அவரே 1775இல் தாம் சேவித்த அரசனுக்கு எதிராகப் படைத்தலைமை ஏற்றார். அவர்தான் ஜார்ஜ் வாஷிங்டன். உழவு, நீதி, படை என்ற மூன்றையும் கண்டவர்தான் அவரும். அவருக்குப் பின்னால் 13 குடியேற்றங்களின் சட்டமன்றங்கள் நின்றன. 1778இல் பிரெஞ்சு நாடும் வெளிப்படையாகத் துணைக்கு வந்தது. அவர் நாட்டின் தந்தையானார். யூசுப்கானுக்குப் பின்னால் யாரும் இல்லை. அவர் கலகக்காரர் ஆனார்.

மதுரை முற்றுகை

1763ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆங்கிலப் படையும் நவாபின் படையும் மதுரையைச் சூழ்ந்தன. மழை தொடங்கியதும் நவம்பரில் பின்வாங்கின. 1764இல் மேஜர் காம்பெல் தலைமையில் மீண்டும் வந்தன. ஜூன் 26ஆம் நாள் கோட்டைச் சுவரை உடைத்து உள்ளே புக முயன்றவர்களை யூசுப்கான் பெருஞ்சேதத்தோடு விரட்டியடித்தார். மேஜர் பிரெஸ்டன் படுகாயமுற்று இறந்தார். பீரங்கியால் முடியாததைப் பசியால் முடிக்க ஆங்கிலேயர் தீர்மானித்தார்கள். எல்லா வழிகளையும் அடைத்தார்கள். கோட்டைக்குள் தானியம் தீர்ந்தது. கையில் கிடைத்த விலங்குகளையெல்லாம் தின்ன வேண்டிய நிலை வந்தது.

பசித்த கோட்டைக்குள் சூழ்ச்சி எளிதில் நுழையும். 1764 அக்டோபர் 13ஆம் நாள், தொழுகையில் இருந்த யூசுப்கானை அவருடைய ஆட்களே பிடித்துக் கட்டினார்கள். பிரெஞ்சுக்காரர் மர்ஷான், திவான் சீனிவாசராவ், மருத்துவர் பாபா சாகிப் ஆகியோர் இதற்குத் தலைமை தாங்கினார்கள். அவரைக் கட்டியது அவருடைய தலைப்பாகைத் துணியால்தான் என்பது வழக்கு. அக்டோபர் 15ஆம் நாள் மாலையில் நவாபின் கட்டளைப்படி அவர் தூக்கிலிடப்பட்டார். வயது நாற்பதுக்குள்தான்.

விசாரணை என்று ஒன்றும் நடக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்பு பொய்க் கடிதத்தைத் தீர விசாரித்து அவரைக் காத்த அதே கம்பெனி, இப்போது அவரை நவாபின் கையில் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அன்று அவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். இன்று தேவைப்படவில்லை.

தூக்குக் கயிறு இருமுறை அறுந்தது என்றும், செத்த பிறகும் அஞ்சி உடலைத் துண்டித்துப் பல ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்றும் மக்கள் சொல்லி வருகிறார்கள். எது உண்மை, எது கதை என்று பிரிப்பது கடினம். ஆனால் ஒரு மனிதர் இறந்த பிறகும் ஆள்பவர்கள் அவருக்கு அஞ்சினார்கள் என்று மக்கள் நம்பினார்களே, அதுவே அவர் பெற்ற மதிப்புக்குச் சான்று.

ஏன் தோற்றார்?

வீரத்தில் குறைவா? ஆங்கிலேயரிடம் பணியாற்றிய இந்தியப் படைவீரர்களிலேயே சிறந்தவர் அவர் என்ற கருத்தை ஜான் மால்கம் எழுதி வைத்திருக்கிறார். நிர்வாகத்தில் குறைவா? புல்லர்ட்டன் சொன்னதை மேலே பார்த்தோம்.

குறை வேறிடத்தில் இருந்தது. அவருடைய அதிகாரம் முழுவதும் பிறர் எழுதிக் கொடுத்த தாளில் இருந்தது. தங்கவயலில் இதை விளக்கத் தேவையில்லை. கம்பெனியின் ஒப்பந்தத்தை வைத்து நூறு பேரை வேலைக்குக் கொண்டுவந்து, அவர்களை அடக்கி ஆண்ட ஒப்பந்தக்காரர்களை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒப்பந்தம் இருக்கும்வரை அவர் வைத்ததே சட்டம். ஒப்பந்தம் போன மறுநாள் அவரும் நம்மில் ஒருவர். ஐதர் இதைப் புரிந்துகொண்டார். 1761இல் மைசூரின் படை, கருவூலம், தலைநகரம் மூன்றையும் தம் கைக்குள் கொண்டுவந்த பிறகே பெரிய பகைவர்களோடு மோதினார். 1782இல் சித்தூர் அருகே பாசறையில் இறக்கும்வரை அவரை யாரும் பதவியிலிருந்து இறக்க முடியவில்லை.

இன்னொன்று இதைவிடப் பெரியது. யூசுப்கான் தனித்து நின்றபோது துணைக்கு வரக்கூடியவர்கள் யார்? வரி கட்ட மறுத்துக் கம்பெனியை எதிர்த்த பாளையக்காரர்கள்தாம். அவர்களின் முதுகெலும்பை இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு கம்பெனிக்காக முறித்தவர் அவரே. பூலித்தேவர் சொன்னதையே அவரும் சொல்லத் தொடங்கியபோது, கேட்கப் பூலித்தேவரின் கோட்டைகள் இல்லை.

தனித்தனியாக நின்றால் ஒவ்வொருவராக வீழ்வோம் என்ற உண்மை எழுத்தில் வர மேலும் 37 ஆண்டுகள் ஆயின. 1801இல் சின்ன மருது திருச்சியில் ஒட்டிய அறிக்கை, சாதி மத வேறுபாடின்றி எல்லாரையும் ஒன்று சேர அழைத்தது. அப்போதும் காலம் கடந்திருந்தது.

இன்று அவர் எங்கே?

யூசுப்கானின் வரலாற்றை ஆங்கிலத்தில் விரிவாக எழுதியவர் எஸ். சி. ஹில். அந்த நூல் 1914இல் வெளிவந்தது. ஆனால் அதற்கு முன்பே நம் நாட்டுப்புறப் பாடகர்கள் அவரைப் பாடிவிட்டார்கள். 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடலைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்துத் தந்தார். பூலித்தேவரையும் பாடிய மக்கள், அவரை வென்ற கான்சாகிபையும் பாடினார்கள். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஒருவர் செய்த நன்மையையும் தீமையையும் ஒரே மூச்சில் சொல்லும் நேர்மை நம் பாமர மக்களுக்கு உண்டு. அவரைத் துரோகி என்று தள்ளிவிடுவதும், விடுதலை வீரர் என்று மட்டும் கொண்டாடுவதும் எளிது. அவர் இரண்டுமாக இருந்தார் என்று சொல்லத்தான் சற்றுத் துணிவு வேண்டும்.

மதுரைக்குச் செல்லும் தங்கவயல் அன்பர்கள் மீனாட்சியம்மன் கோயிலைக் கண்டு தரிசித்த பின், நகரின் மேற்கே உள்ள சம்மட்டிபுரத்துக்கும் ஒருமுறை போய் வரலாம். அங்கே ஒரு சிறிய தர்கா இருக்கிறது. கான்சாகிப் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். எந்தக் கோயிலின் பூசை நிற்காமல் பார்த்துக்கொண்டாரோ, அந்தக் கோயிலிலிருந்து அது அதிகத் தொலைவில்லை.